குதிரையை விட்டு இறங்கிய பிறகு

அமெரிக்க மேற்குப் பகுதியைத் தமிழ் வாசகர்களில் பலர் சிவகாசி வழியாகவே அறிந்திருக்கிறோம். முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் கொண்டுவந்து சேர்த்த டெக்ஸ் வில்லரும் லக்கி லூக்கும், செம்பாறைக் கணவாய்களையும் மதுக்கூடத்தின் ஆடும் கதவுகளையும் நம் சிறுவயதிலேயே மனத்தில் பதித்துவிட்டார்கள். அந்த நாயகர்கள் கதையின் முதல் பக்கத்தில் எப்படி இருந்தார்களோ அப்படியேதான் கடைசிப் பக்கத்திலும் இருப்பார்கள். ஊருக்குள் வருவார்கள், அநியாயத்தைத் தட்டிக்கேட்பார்கள், பொழுது சாயும்போது குதிரையேறிப் போய்விடுவார்கள். ஜாக் ஷேஃபர் 1949இல் வெளியிட்ட ‘ஷேன்’ நாவலின் நாயகனும் அப்படித்தான் போகிறான். தனக்கு இடம் கொடுத்த குடும்பத்தின் மீது, அந்த வீட்டுப் பெண்ணின் மீதும்கூட, அவனுக்குள் வேர்விடத் தொடங்கிய பாசத்தை அறுத்துக்கொண்டு போகிறான். அவனை நேசிக்காமல் அந்த நாவலை வாசித்து முடிக்க முடியாது. ஆனால் அங்கேயே இருந்திருந்தால் அவன் என்னவாகியிருப்பான் என்ற கேள்விக்கு அந்த நாவலில் விடை கிடையாது.

அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்ட வேறொரு கதைமரபு இருக்கிறது. மேற்குப் பகுதியின் சிற்றூர்களில், மாட்டுப்பண்ணைகளின் நடுவே நடக்கும் காதல் கதைகள் அவை. கல்லூரி நாட்களில் வாடகை நூலகத்தின் மில்ஸ் அண்ட் பூன் அடுக்கில், கௌபாய் தொப்பி வரைந்த அட்டைகளாக அவை எனக்கு அறிமுகமாயின. பொழுதுபோக்காகத் தொடங்கிய வாசிப்பு, பாத்திரங்கள் எப்படி மாறுகிறார்கள் என்று கூர்ந்து பார்க்கும் பழக்கமாக வளர்ந்துவிட்டது. இந்த வகையின் தலைசிறந்த பக்கங்கள் மனித மாற்றத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட மிக நேர்மையான பக்கங்களுள் அடங்கும் என்றே நான் கருதுகிறேன். காரணம் எளிது. வெஸ்டர்ன் நாயகன் கிளம்பிப் போகிறவன். காதல் கதையின் நாயகனோ நாயகியோ தங்கியாக வேண்டியவர். தங்குகிறவர் மாறாமல் இருக்க முடியாது.

அந்த ஊர்கள் எப்படி இருக்கும் என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஒரே ஒரு முதன்மைச் சாலை, அதன் ஓரத்தில் ஒரு காபிக்கடை, தீவனக்கடை, வங்கி, இரண்டு மூன்று தேவாலயங்கள், ஊரின் பெயர் எழுதிய தண்ணீர்த் தொட்டி, ரயில் பாதையை ஒட்டி உயரமாக நிற்கும் தானியக் கிடங்கு. அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் மேய்ச்சல் நிலம். அடுத்த பண்ணை மைல்கணக்கில் தள்ளியிருக்கும். ஆனாலும், அல்லது அதனாலேயே, ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. உங்கள் தந்தை வங்கியில் வாங்கிய கடன், பள்ளிநாளில் நீங்கள் அடித்து நொறுக்கிய வண்டி, யாரை நிச்சயம் செய்துவிட்டுக் கைவிட்டீர்கள் என்பது, எல்லாம் காபிக்கடையின் நினைவில் பத்திரமாக இருக்கும். பெருநகரத்தில் ஒருவன் வீட்டையும் வேலையையும் மாற்றிக்கொண்டு புதியவனாக அறிமுகமாகிவிடலாம். இங்கே பழைய நீங்கள் யார் என்று அறிந்தவர்களின் முன்னால்தான் புதிய நீங்களாக வாழ்ந்து காட்ட வேண்டும். அதற்கு ஒரு பேச்சு போதாது, பருவங்கள் ஆகும்.

பருவங்கள் என்று சொல்வதை நேர்ப்பொருளிலேயே சொல்கிறேன். பண்ணையின் ஆண்டு, குளிர்காலத்தின் கடைசியில் கன்று ஈனும் பருவத்தோடு தொடங்குகிறது. முதல் ஈற்றுக் கிடாரிகளை இரவு முழுவதும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்துபோய்ப் பார்க்க வேண்டும். கன்று வெளிவராமல் சிக்கிக்கொண்டால் அதன் கால்களில் சங்கிலி மாட்டி, மாடு முக்கும் நேரம் பார்த்து இழுக்க வேண்டும். வசந்தத்தில் கன்றுகளுக்குச் சூட்டுக்குறி. அந்த வேலைக்கு அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லோரும் வந்து கைகொடுப்பார்கள். அவர்கள் பண்ணையில் வேலை நடக்கும்போது இவர்கள் போவார்கள். கோடையில் புல் அறுத்து, உலர்த்தி, கட்டாகக் கட்டி அடுக்குவது. இலையுதிர்காலத்தில் கன்றுகளை ஏற்றி விற்பது, அந்தப் பணத்தில் ஆண்டுக்கடனை அடைப்பது. இந்தச் சுழற்சிக்குள் ஒரு மனிதனை நிறுத்திவிட்டால், அவன் பொறுப்பற்றவனா, பொறுமையுள்ளவனா, பிறரிடம் உதவி கேட்கத் தெரிந்தவனா என்பதை எழுத்தாளர் வருணிக்கத் தேவையே இல்லை. இரவு இரண்டு மணிக்குக் கொட்டகைக்குப் போகிறவன் யார் என்று காட்டினாலே போதும். நல்ல எழுத்தாளர்கள் இதை அறிந்திருக்கிறார்கள். மற்றவர்களின் நாவல்களில் மாடுகள் பின்னணித் திரையில் வரைந்த ஓவியம்போல் நின்றுகொண்டே இருக்கும். யாரும் அவற்றுக்குத் தீவனம் வைப்பதே இல்லை.

இது எழுத்தாளர்களின் கற்பனை மட்டும் இல்லை என்பதற்கு எலினோர் புருயிட் ஸ்டூவர்ட்டின் கடிதங்கள் சாட்சி. டென்வரில் வீட்டு வேலையும் சலவை வேலையும் செய்து சிறு மகளோடு பிழைத்த பெண் அவர். 1862இன் குடியேற்ற நிலச் சட்டப்படி, 21 வயது நிரம்பிய, கணவன் இல்லாத பெண்ணும் 160 ஏக்கர் அரசு நிலத்தைத் தன் பெயரில் பதிந்துகொள்ளலாம். அங்கே குடியிருந்து, வீடு கட்டி, பயிர் செய்து, ஐந்தாண்டு முடிந்ததும் உரிமையாக்கிக்கொள்ளலாம். அந்தக் கனவோடு 1909இல் வயோமிங்கின் பர்ன்ட்ஃபோர்க்குக்கு, கிளைட் ஸ்டூவர்ட் என்ற பண்ணையாரின் வீட்டைக் கவனிக்கும் வேலைக்குப் போனார். போன சில வாரங்களிலேயே அவரை மணந்துகொண்டார். தனியாக நின்று காட்டுவேன் என்று சொல்லிவிட்டு இப்படிச் செய்துவிட்டோமே என்ற வெட்கத்தில், டென்வரில் இருந்த தம் முன்னாள் முதலாளியம்மாவுக்கு எழுதிய கடிதங்களில் பல மாதங்கள் அந்தத் திருமணத்தை மறைத்தார். பண்ணை வேலை அப்படிப்பட்டது, முதலில் மணந்துகொண்டு பிறகுதான் காதலிக்க நேரம் கிடைத்தது என்று அதைப் பின்னர் அவர் விளக்கும் இடம், இந்த வகை நாவல்கள் பலவற்றைவிட உயிருள்ளது.

அவருடைய கடிதங்களில் நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பது புல் அறுப்பைப் பற்றிய பகுதியைத்தான். அறுவடை நேரம், வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை, ஸ்டூவர்ட் பதறிப்போய் ஆள் தேடிக் கிளம்புகிறார். எலினோருக்குக் குதிரை பூட்டிய அறுப்பு இயந்திரத்தை ஓட்டத் தெரியும். இளவயதில் கற்ற வேலை. ஆனால் பெண்ணுக்கு அழகில்லாத வேலை என்ற கூச்சத்தில் அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஸ்டூவர்ட்டிடம் சொல்லவும் அஞ்சினார். ஆள் தேடிப் போனவர் திரும்பி வருவதற்குள் தாமே இயந்திரத்தைப் பூட்டிக்கொண்டு வயலில் இறங்கிவிட்டார். வெறுங்கையோடு திரும்பிய ஸ்டூவர்ட் வியந்தார், மகிழ்ந்தார். அவ்வளவுதான் நிகழ்ச்சி. ஆனால் இருவருமே ஒரே பிற்பகலில் ஓர் அடி நகர்ந்துவிட்டார்கள். அவள் ஒளித்து வைத்திருந்த ஒன்றை வெளியில் கொண்டுவந்தாள். அவர் தம் மனைவியைப் புதிதாகப் பார்த்தார். யாரும் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. இந்தக் கடிதங்கள் 1914இல் புத்தகமாக வந்தன. சிற்றூர்க் காதல் கதை எழுத விரும்புகிறவர் யாராக இருந்தாலும் முதலில் இதைப் படிக்க வேண்டும் என்பேன்.

புனைகதையில் இந்த மரபின் தொடக்கப்புள்ளி ஓவன் விஸ்டரின் ‘தி வர்ஜீனியன்’ (1902). பிலடெல்ஃபியாவில் பிறந்து, 1885 முதல் வயோமிங்குக்குப் பலமுறை போய்வந்தவர் விஸ்டர். நாவலின் நாயகனுக்கு இயற்பெயரே இல்லை. நாயகி மாலி வுட், வெர்மாண்டின் பென்னிங்டனிலிருந்து பேர் க்ரீக் என்ற இடத்துக்குப் பள்ளி ஆசிரியையாக வருகிறாள். அவள் அவனுக்குப் புத்தகங்கள் கொடுக்கிறாள். அவன் படித்துவிட்டு வந்து, தனக்குப் பிடித்ததையும் பிடிக்காததையும் தயங்காமல் சொல்கிறான். அவன் காயப்பட்டுக் கிடக்கும்போது அவள் காப்பாற்றுகிறாள். இதுவரை இருவரும் ஒருவரை ஒருவர் செதுக்குகிறார்கள். ஆனால் திருமணத்துக்கு முதல்நாள் வில்லன் டிராம்பஸ், பொழுது சாய்வதற்குள் ஊரைவிட்டுப் போ என்று அறைகூவல் விடுக்கிறான். நீ சண்டைக்குப் போனால் நமக்குள் நாளை என்பதே இல்லை என்கிறாள் மாலி. அவன் போகிறான், சுடுகிறான், உயிரோடு திரும்புகிறான். உயிரோடு திரும்பினானே என்ற நிம்மதியில் அவள் தன் சொல்லைக் கைவிட்டுவிடுகிறாள். மறுநாள் திருமணம் நடக்கிறது.

இந்த முடிவு எனக்கு உறுத்தலாகவே இருந்து வருகிறது. நாவலின் பெரும்பகுதியும் அவன் படித்தவனாகிறான், பண்பட்டவனாகிறான் என்று காட்டிவிட்டு, தேர்வு வந்த நேரத்தில் அவன் மாறவேண்டிய தேவையே இல்லாமல் செய்துவிட்டார் விஸ்டர். தன் நெறியைக் கைவிட்டவள் மாலி ஒருத்தி மட்டுமே. அதை அவளது வளர்ச்சி என்று நாவல் நம்புகிறது. என்னால் நம்ப முடியவில்லை. துப்பாக்கியை எடுக்காதே என்று சொல்ல அவளுக்கு வலுவான காரணம் இருந்தது. அந்தக் காரணத்துக்கு அவன் விடை சொல்லவில்லை. அடுத்து வந்த எத்தனையோ நாவல்களில், பெண் தன் நகரத்தையும் படிப்பையும் கருத்தையும் விட்டுக்கொடுப்பதே காதலின் முதிர்ச்சி என்று எழுதப்பட்டதற்கு விதை இங்கேதான் விழுந்தது.

அதே காலத்திலேயே வேறு விதமாக எழுதியவரும் உண்டு. பி. எம். போவர் என்ற பெயரைப் பார்த்து ஆண் என்று பல வாசகர்கள் நம்பிய பெர்த்தா மஸி போவர், மொன்டானாவில் வாழ்ந்த பெண். 1906இல் புத்தகமாக வந்த அவரது ‘சிப் ஆஃப் தி ஃப்ளையிங் யூ’ நாவலின் நாயகி டெல்லா ஒரு மருத்துவர். நாயகன் சிப், ஓவியம் வரையும் திறமையைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கும் கௌபாய். காலில் அடிபட்டு வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் நாட்களில், அவள் பாதியில் விட்ட ஓவியத்தில் அவன் தூரிகை வைக்கிறான். எளிய, சிரிப்பும் கும்மாளமுமான நாவல்தான். ஆனால் அதில் யாரும் யாருக்காகவும் சிறுத்துப்போவதில்லை.

பிற்கால வரலாற்றை விரைவாகக் கடந்துவிடலாம். கனடாவின் வினிபெக்கில் 1949இல் தொடங்கிய ஹார்லெக்வின் நிறுவனம் 1971இல் மில்ஸ் அண்ட் பூனை வாங்கியது. அதன் முதல் அமெரிக்க எழுத்தாளரான ஜேனட் டெய்லி, ஐம்பது மாநிலங்களுக்கும் மாநிலத்துக்கு ஒன்றாகக் காதல் நாவல் எழுதினார். டெக்சாஸ் பண்ணையும் மொன்டானாப் பண்ணையும் உலகெங்கும் வாடகை நூலகங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. இன்று இந்த வகை பெரும்பாலும் தொடர்வரிசைகளாக வருகிறது. ஓர் ஊர், நான்கைந்து உடன்பிறப்புகள் அல்லது நண்பர்கள், ஆளுக்கொரு நாவல்.

காதல் நாவலுக்கு அமெரிக்கக் காதல் எழுத்தாளர் சங்கம் வகுத்த இலக்கணத்தில் இரண்டே கூறுகள்: கதையின் மையத்தில் காதல் இருக்க வேண்டும், மனத்துக்கு நிறைவும் நம்பிக்கையும் தரும் முடிவு வேண்டும். முடிவு முன்பே தெரிந்த கதையில் என்ன சுவை என்று இலக்கிய நண்பர்கள் கேட்பதுண்டு. முடிவு தெரிந்திருப்பதால்தான் வாசகரின் கவனம் முழுவதும் வழியின் மீது குவிகிறது என்பது என் பதில். சேர்வார்களா என்பது கேள்வியே இல்லை. சேர்வதற்குத் தகுதியானவர்களாக ஆனார்களா, எதைக் கொடுத்து ஆனார்கள் என்பதே கேள்வி. அந்தக் கேள்வியை ஏமாற்றும் நாவல்களை உடனே அடையாளம் காணலாம். குடித்துச் சீரழிந்த, மாடும் குதிரையும் அடக்கும் ரோடியோ போட்டி வீரன் ஒருவன் இறுதி அத்தியாயத்தில், ஊர்த் திருவிழாவின் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்டதும் எல்லாம் சரியாகிவிடும். டென்வரிலோ சிகாகோவிலோ பத்தாண்டு கட்டியெழுப்பிய தொழிலை நாயகி, தந்தை இறந்து பண்ணைக்குத் திரும்பிய ஒரே கோடையில் மறந்துவிடுவாள். அந்த நாவல்களில் ஊருக்கு நினைவாற்றலே இருக்காது. நேற்றுவரை அவனைத் திட்டியவர்கள் இன்று கைதட்டுவார்கள். நினைவில்லாத ஊரில் யாரும் திருந்தி என்ன பயன்?

தொடர்வரிசையால் ஒரு நன்மையும் உண்டு. முதல் நாவலில் எரிச்சலூட்டும் அண்ணனாக ஓரத்தில் வந்துபோனவன் மூன்றாம் நாவலில் நாயகனாகும்போது, அவனை ஊர் எப்படி நினைவில் வைத்திருக்கிறதோ அப்படியே வாசகராகிய நாமும் நினைவில் வைத்திருப்போம். அவன் மாறுவதை ஊரார் எவ்வளவு சந்தேகத்தோடு பார்ப்பார்களோ அவ்வளவு சந்தேகத்தோடு நாமும் பார்ப்போம். தனி நாவலால் எளிதில் தர முடியாத அனுபவம் இது.

இந்த வழியை மிக உயர்ந்த இடத்துக்குக் கொண்டுபோனவர், காதல் நாவலாசிரியர் என்று யாரும் முத்திரை குத்தாத கென்ட் ஹாரஃப். கொலராடோவின் கிழக்குச் சமவெளியில் ஹோல்ட் என்ற ஊரைக் கற்பனையில் கட்டி, தம் நாவல்கள் எல்லாவற்றையும் அங்கேயே வைத்தவர். தாம் வாழ்ந்த யூமா என்ற ஊரை மனத்தில் வைத்தே ஹோல்ட்டை உருவாக்கினார். கம்பளிக் குல்லாயைக் கண்கள் மறையும்படி இழுத்துவிட்டுக்கொண்டு, தட்டச்சுப்பொறியில் பார்க்காமலே முதல் வரைவை அடிப்பது அவர் வழக்கம். உரையாடலுக்கு மேற்கோள் குறிகூட இடமாட்டார். அந்த எளிமையில்தான் அவருடைய மனிதர்கள் நகர்வது நமக்குத் துல்லியமாகத் தெரிகிறது.

‘பிளெய்ன்சாங்’ (1999) நாவலில் ஹெரால்ட், ரேமண்ட் மக்ஃபெரான் என்ற இரண்டு வயதான அண்ணன் தம்பிகள் வருகிறார்கள். ஊருக்கு வெளியே பண்ணை, திருமணம் ஆகவில்லை, இளவயதிலேயே பெற்றோரை இழந்து, மாடுகளோடும் ஒருவரோடு ஒருவரும் மட்டுமே வாழ்ந்து பழகியவர்கள். பதினேழு வயதில் கருவுற்று, தாயால் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட விக்டோரியா ரூபிடோ என்ற மாணவியை, ஆசிரியை மேகி ஜோன்ஸ் இவர்களிடம் அழைத்து வருகிறாள். இவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். ஒப்புக்கொள்வது நல்ல மனம். ஆனால் அது இன்னும் மாற்றம் ஆகிவிடவில்லை என்பதை ஹாரஃப் அறிவார். அவர்களுக்கு ஒரு பெண்ணிடம் என்ன பேசுவதென்று தெரியாது. சாப்பாட்டு மேசையில் மௌனம். அந்தப் பெண் தனிமையில் வாடுகிறாள். பேசுங்கள் என்று மேகி சொல்லிவிடுகிறாள். அன்று இரவு உணவு முடிந்ததும், சொல்லிவைத்தாற்போல், சந்தை நிலவரத்தைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று அவளிடம் கேட்கிறார்கள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் இவர்கள் என்ன செய்ய முயல்கிறார்கள் என்பது புரிகிறது. அவளும் கேள்வி கேட்கிறாள். தானியத்துக்கும் மாட்டுக்கும் விலை எப்படி ஏறி இறங்குகிறது என்று இருவரும் மாறி மாறி விளக்குகிறார்கள்.

இந்தப் பக்கங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். தங்களுக்குத் தெரிந்த ஒரே பேச்சை, அதுவரை யாரிடமும் பகிர்ந்துகொள்ளாத ஒரே செல்வத்தை, அவள் முன்னால் எடுத்து வைக்கிறார்கள். அவர்கள் வேறு மனிதர்களாக ஆகிவிடவில்லை. மாட்டு விலை பேசும் அதே கிழவர்கள்தான். ஆனால் அந்தப் பேச்சு இப்போது இன்னொருவரை நோக்கித் திரும்பிவிட்டது. பிறகு குழந்தைக்குத் தொட்டில் வாங்க அவளை வண்டியில் அழைத்துப்போகிறார்கள். கடையில் இருப்பதிலேயே நல்லதுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார்கள். பின்னர் அவள் சொல்லாமல் கொள்ளாமல், கருவுக்குக் காரணமான இளைஞனோடு டென்வருக்குப் போய்விட்டுத் திரும்புகிறாள். அவளை மறுபடியும் ஏற்றுக்கொள்வது முதல்முறை ஏற்றதைவிடக் கடினம். இப்போது அவர்களுக்கு மனம் நோகக்கூடியதாக ஆகியிருக்கிறது. மாடுகளோடு மட்டும் இருந்தவரை அவர்களை யாராலும் நோகடிக்க முடிந்திருக்காது.

காதல் எங்கே என்று கேட்பவருக்கு விடை அடுத்த நாவலான ‘ஈவன்டைடு’ (2004) தருகிறது. ஹெரால்டைப் பொலிகாளை ஒன்று முட்டிக் கொன்றுவிடுகிறது. வாழ்நாள் முழுவதும் சகோதரனோடு சேர்ந்தே ஒரு மனிதனாக இருந்த ரேமண்ட் தனியனாகிறார். அந்த முதுமையில் ரோஸ் டைலர் என்ற சமூகநலப் பணியாளரோடு அவருக்கு நேசம் மலர்கிறது. முதல் நாவலில் விக்டோரியாவோடு தட்டுத்தடுமாறிப் பேசக் கற்றிராவிட்டால், இரண்டாம் நாவலில் ரோஸோடு ஒரு சொல் பேச அவரால் முடிந்திருக்காது. தந்தையைப்போல் அன்பு செலுத்தக் கற்றவர், அந்தக் கல்வியைக் கொண்டு காதலிக்கிறார். ஒரு பாத்திரத்தின் வளர்ச்சியை இரண்டு நாவல்களின் மீது, அதுவும் எழுபதை எட்டும் ஒரு மனிதரிடம், இவ்வளவு பொறுமையாக நடத்திக் காட்டிய எழுத்து எனக்கு வேறு தெரியாது.

ஊரின் நினைவு வளர்ச்சிக்கு உரமாவது போலவே கழுத்தை நெரிக்கவும் செய்யும். ஆனி புரூ 1997இல் எழுதிய ‘புரோக்பேக் மவுன்டன்’ அதைத்தான் சொல்கிறது. 1963 கோடையில் வயோமிங் மலையில் ஆடு மேய்க்கும் வேலைக்குப் போன எனிஸும் ஜாக்கும் ஒருவரை ஒருவர் நேசிக்கிறார்கள். சேர்ந்து ஒரு சிறு பண்ணை வைத்துக்கொள்ளலாம் என்கிறான் ஜாக். எனிஸால் முடியாது. தன் ஊர்ப்பக்கத்தில் அப்படிச் சேர்ந்து வாழ்ந்த இருவரில் ஒருவரை அடித்துக் கொன்று பள்ளத்தில் போட்டிருந்ததை, சிறுவனாக இருந்த எனிஸுக்கு அவனுடைய தந்தையே கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார். அந்த ஒரு காட்சி அவன் வாழ்நாளைப் பூட்டிவிடுகிறது. பருவங்கள் வந்து போகின்றன, பண்ணைகள் மாறுகின்றன, அவன் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறான். சிற்றூர்க் காதல் கதைகளின் இனிமையை மட்டும் பேசுகிறவர்கள் இந்தக் கதையையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். யாருக்கு மாற அனுமதி உண்டு, யாருக்கு இல்லை என்பதையும் ஊர்தான் தன் கையில் வைத்திருந்தது.

அந்தப் பூட்டை, வேறொரு சூழலில், இருவர் திறந்து பார்க்கும் நாவல் ஹாரஃபின் கடைசிப் படைப்பான ‘அவர் சோல்ஸ் அட் நைட்’. 2014 நவம்பரில் அவர் இறந்தார்; மரணம் நெருங்குவதை அறிந்தே எழுதிய இந்தச் சிறு நாவல் 2015இல் வெளிவந்தது. எழுபது வயதான விதவை ஆடி மூர், அதே தெருவில் வசிக்கும் மனைவியை இழந்த லூயிஸ் வாட்டர்ஸின் வீட்டுக் கதவைத் தட்டி, இரவுகளில் என் வீட்டுக்கு வந்து என் பக்கத்தில் படுத்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்கிறாள். உடலுறவைப் பற்றிய பேச்சில்லை. இரவைக் கடப்பதைப் பற்றிய பேச்சு. லூயிஸ் யோசித்துவிட்டு ஒப்புக்கொள்கிறார். முதல் இரவு, இரவுடையையும் பல்துலக்கியையும் காகிதப் பையில் போட்டுக்கொண்டு, யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று பின்சந்து வழியாக வந்து கொல்லைக் கதவைத் தட்டுகிறார். ஆடி அவரிடம், முன்வாசல் வழியாக வாருங்கள் என்கிறாள். ஊர் என்ன பேசும் என்று வாழ்நாளில் வேண்டிய அளவுக்குக் கவலைப்பட்டாயிற்று, இனிப் படப்போவதில்லை என்பது அவள் நிலை.

அதற்குப் பிறகு லூயிஸ் தெருவழியாக, நடைபாதையில், காகிதப் பையோடு வருகிறார். நாவலில் அவருடைய மாற்றம் முழுவதும் பின்சந்துக்கும் முன்வாசலுக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சில கஜ தூரத்தில் நடந்து முடிகிறது. அவர் ஏன் பின்சந்தைத் தேர்ந்தார் என்பது நமக்குப் பிறகு தெரியவருகிறது. ஒரு காலத்தில் உடன் பணியாற்றிய ஆசிரியை ஒருத்திக்காக மனைவியையும் மகளையும் விட்டுப்போய், சில நாட்களில் திரும்பி வந்தவர் அவர். ஊருக்கு அது தெரியும். நாற்பது ஆண்டுகளாக அந்த நினைவின் கண்முன் தலைகுனிந்து நடந்தவருக்கு, நடைபாதை என்பது நீண்ட தூரம். பிறகு ஊர் பேசுகிறது. பேக்கரியில் உடன் உட்கார்ந்து காபி குடிக்கும் கிழவர் ஒருவர் குத்திப் பேச, லூயிஸ் அவருக்கு முகத்துக்கு நேரே பதில் கொடுத்துவிட்டு எழுந்து வருகிறார். அடுத்து ஆடியும் அவரும் பட்டப்பகலில் ஊர் நடுவில் உள்ள உணவகத்துக்கு, வேண்டுமென்றே, எல்லோரும் பார்க்கும்படி போய்ச் சாப்பிடுகிறார்கள். ஊரார் பேச்சை எருவாகவும் தாயின் சொல்லை நீராகவும் கொண்டு காதல் வளர்வதாகப் பாடிய மரபில் வந்த நமக்கு இந்தப் பக்கங்களில் அந்நியமாக எதுவுமே இல்லை. அகப்பாடல்களில் அலருக்கு, அதாவது ஊர்ப்பேச்சுக்கு, அஞ்சுகிறவள் இளம்பெண்; இங்கே பேரன் எடுத்தவள், அதுதான் வேறுபாடு.

ஆனால் அவர்களைப் பிரிப்பது ஊர் இல்லை. ஹோல்ட் கொஞ்ச நாளில் பழகிக்கொள்கிறது. பிரிப்பவன் வெளியூரில் இருக்கும் ஆடியின் மகன் ஜீன். தொழில் நொடித்து, மனைவியும் பிரிந்துபோன நேரத்தில் தன் சிறுவனை ஒரு கோடைக்குத் தாயிடம் அனுப்புகிறான். அந்தச் சிறுவன் ஜேமி, லூயிஸோடு ஒட்டிக்கொள்கிறான். அவனுக்கு ஒரு நாயும் கிடைக்கிறது. பயந்துபோயிருந்த குழந்தை மெல்லத் தெளிகிறான். இவ்வளவையும் கண்ட பிறகும் ஜீன், இந்த உறவைத் தொடர்ந்தால் பேரனைப் பார்க்கவே முடியாது என்று தாயை மிரட்டுகிறான். ஆடி பேரனைத் தேர்ந்துகொள்கிறாள்.

காதல் நாவலின் இலக்கணப்படி இது தோல்வி. ஆடி கடைசியில் பின்வாங்கிவிட்டாள், அவளது வளர்ச்சி வீணாயிற்று என்று சொல்கிறவர்களோடு நான் உடன்படவில்லை. ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி விட்டுக்கொடுப்பது வேறு. தன்னை நம்பியிருக்கும் குழந்தைக்காக, என்ன இழக்கிறோம் என்று முழுவதும் அறிந்து விட்டுக்கொடுப்பது வேறு. மாலி வுட் தன் சொல்லை விட்டபோது அவள் என்ன நினைத்தாள் என்று விஸ்டர் நமக்குச் சரியாகக் காட்டவே இல்லை. ஆடி என்ன நினைக்கிறாள் என்பது நமக்கு வரிக்கு வரி தெரியும்.

எனக்குள்ள குறை ஜீனைப் பற்றியது. அவனுடைய அக்கா கானி சிறுமியாக இருந்தபோது, இருவரும் விளையாடிக்கொண்டிருந்த நேரத்தில், தெருவுக்கு ஓடி வண்டியில் அடிபட்டு இறந்துபோனாள். அந்த நாளிலிருந்து தந்தை அவனிடம் பழையபடி இருக்கவில்லை. தாயும் தன் துயரத்துக்குள் போய்விட்டாள். அவன் இன்று தாயிடம் காட்டும் கடுமைக்கு வேர் அங்கே இருக்கிறது என்பதை ஹாரஃப் ஆடியின் வாய்வழியாக இரவுப் பேச்சில் நமக்குச் சொல்லிவிடுகிறார். ஆனால் ஜீனிடம் யாரும் அதைச் சொல்வதில்லை. லூயிஸுக்கு ஆடி கிடைத்தாள், ரேமண்டுக்கு விக்டோரியாவும் பிறகு ரோஸும் கிடைத்தார்கள், ஜேமிக்கு நாயும் லூயிஸும் கிடைத்தார்கள். சந்தை நிலவரத்தையாவது கேட்டுப் பேச்சைத் தொடங்க ஜீனுக்கு ஒருவரும் வாய்க்கவில்லை. ஹாரஃபுக்கு இன்னும் ஓராண்டு ஆயுள் இருந்திருந்தால், அடுத்த நாவலை அவனை வைத்து எழுதியிருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். மக்ஃபெரான் சகோதரர்களுக்குக் காட்டிய பொறுமையை ஜீனுக்கும் அவர் காட்டியிருப்பார்.